காட்டுச் செடிகள் வரைந்த பட்டுச் சால்வை: அச்சா, இலைப்பதிவா, பத்திக்கா?

எங்கள் உயிரியல் டீச்சர் இந்த ஆண்டு முடிவில் ஓய்வு பெறுகிறார். அவர் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனை. உயர்தர வகுப்பில் அவரிடம் தாவரவியல் படித்த பதினொரு பேர் சேர்ந்து ஒரு பரிசு கொடுக்கத் தீர்மானித்தோம். பொன்னாடையும் நினைவுக் கேடயமும் வேண்டாம், அவர் நாளும் தலையில் போடுகிற சால்வை ஒன்றை நல்ல பட்டில் செய்வித்து, அவர் எங்களுக்குக் காட்டிய காட்டுச் செடிகளை அதில் கொண்டுவருவோம் என்று காத்தான்குடித் தோழி சொன்னாள். சொன்னவுடனே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எப்படிச் செய்விப்பது என்பதில்தான் இரண்டு மாதமாகப் பேச்சு ஓயவில்லை. துணி தேடுவதும் விசாரிப்பதும் சிறு துண்டுகளில் செய்து பார்ப்பதும் என் பொறுப்பாயின. மட்டக்களப்பில் என் வீட்டு அடுப்படியில் செய்து பார்த்தவற்றையும் விசாரித்து அறிந்தவற்றையும் எழுதுகிறேன். இதே எண்ணம் உள்ளவர்களுக்கு உதவும்.

முதலில் எந்தக் காடு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2011ஆம் ஆண்டு டீச்சர் எங்களை இங்கினியாகலைக்கு அழைத்துச் சென்றார். சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் படகில் போய், கல்லோயா தேசியப் பூங்காவின் கரையில் இறங்கினோம். 1954இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. அடர்ந்த காடு ஒருபுறம் இருக்க, ஆளுயரப் புல்லும் இடையிடையே தனித்து நிற்கும் மரங்களுமாக விரிகிற வெளிகள் அங்கே உண்டு. அந்த மரங்களில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிறைய. திரிபலா என்று நாட்டு மருந்துக் கடையில் தூளாக வாங்குகிற மூன்றும் ஒரே வெளியில் நிற்பதை அன்றுதான் கண்டேன். டீச்சர் ஒரு நெல்லிக் கொப்பை ஒடிக்காமல் வளைத்துப் பிடித்து, "இது கூட்டிலையா, தனியிலையா?" என்று கேட்டார். எல்லோரும் கூட்டிலை என்றோம். பார்வைக்குப் புளியிலை போலத்தான் இருக்கிறது. ஆனால் நெல்லியில் ஒவ்வொரு சிற்றிலையும் தனி இலை. அவற்றைத் தாங்குகிற மெல்லிய காம்பு உண்மையில் ஒரு சிறு கிளை. இலை உதிரும் காலத்தில் அந்தக் கிளையே உதிர்ந்துவிடுவதால்தான் நாம் ஏமாறுகிறோம். அந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை.

ஆகவே இந்தச் சால்வையை வாங்கிப் பார்க்கப்போகிறவர், இலையைப் பார்த்தவுடன் அது கொப்பில் எதிரெதிராக நிற்கிறதா, மாறி மாறி நிற்கிறதா என்று பார்ப்பவர். தெரிவுகளை ஒப்பிடும்போது நான் முதலில் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான். இரண்டாவது, அவர் இதை அலுமாரியில் மடித்து வைக்கக் கூடாது. பஸ்ஸில் போகும்போதும் கலியாண வீட்டுக்கும் தொழுகைக்கும் போட வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலையும் வியர்வையையும் அடிக்கடி தோய்ப்பதையும் அது தாங்க வேண்டும்.

ஆயத்தமாக விற்பதை வாங்குவதே சுலபம் என்று ஒரு நண்பர் சொன்னார். பார்த்தோம். இலைக்கோலம் போட்ட சால்வைகளில் பெரும்பாலும் ஓட்டை விழுந்த பெரிய மொன்ஸ்டெரா இலைதான் வருகிறது. அது மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளர்கிற கொடி. அழகானதுதான், ஆனால் டீச்சருக்கு அது எங்கள் காடு ஆகாது. அத்தோடு, "சில்க் சாட்டின்" என்று பெயர் போட்டு விற்பவற்றில் பல பொலியெஸ்டர். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் மயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகி, ஆறியதும் கல்லுப்போல் இறுகிவிடும். இந்தத் தெரிவை அத்தோடு விட்டோம்.

பூவேலைத் தையலையும் வெகுநேரம் யோசிக்கவில்லை. மெல்லிய பட்டில் தையல் இழுத்துச் சுருக்கம் விழும். தலையில் சுற்றும் துணியில் பின்புறமும் வெளியே தெரியும். மருதமுனையிலேயே நெய்விக்கலாமே என்ற யோசனைதான் மனத்தைத் தொட்டது. சாரத்துக்கும் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர், டீச்சர் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். ஆனால் சாதாரணக் கைத்தறியில் கோடும் கட்டமும் கரையும் வருகிற அழகு வேறு, நெல்லிக் கொப்பு ஒன்றை அதன் வளைவோடு நெய்வது வேறு. அதற்கு ஜக்கார்ட் பொறி வேண்டும், அதற்கேற்ற வடிவத் தயாரிப்பும் வேண்டும். ஒற்றைச் சால்வைக்காக அவ்வளவையும் ஏற்பாடு செய்வது நடக்கிற காரியமில்லை.

எஞ்சியவை மூன்று: உண்மை இலையையே பட்டில் பதிப்பது, பத்திக், வரைந்த படத்தை டிஜிட்டல் முறையில் அச்சிடுவது.

இலைப்பதிவில்தான் என் மனம் முதலில் விழுந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. டீச்சர் பல ஆண்டுகளாகச் சேர்த்த உலர்தாவரத் தாள்கள் 2004 டிசம்பரில் கடலோடு போய்விட்டன. இலையைத் தாளில் அழுத்திக் காயவைத்து, இடமும் நாளும் எழுதி ஒட்டிய தாள்கள். எங்களுக்குப் பாடம் எடுத்த காலத்தில் ஒரேயொரு கோப்புத்தான் மிஞ்சியிருந்தது. இலையே தன் வடிவத்தைத் துணியில் விட்டுச் செல்கிற முறை, அந்தத் தாள்களுக்கு நெருக்கமானது என்று எனக்குப் பட்டது.

செய்து பார்த்தேன். பட்டை மென்மையான சவர்க்காரத்தில் நன்றாகக் கழுவி, படிகாரக் கரைசலில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். எங்கள் கடைகளில் சீனக்காரம் என்று கேட்டால் கொடுப்பார்கள். துணியின் எடையில் 10 முதல் 15 சதவீதம் போதும். முதல் துண்டை நான் கழுவாமலே ஊறவைத்தேன். கடையில் போட்ட பசை அதில் இருந்திருக்க வேண்டும், ஒன்றுமே பதியவில்லை. இரண்டாவது துண்டில் தேக்கின் இளந்தளிரை வைத்தேன். தேக்கந்தளிரைக் கையில் கசக்கினாலே விரல் சிவக்கும் என்பது எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்ததுதான். தளிரை அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்த நீரில் தோய்த்து, துணியில் பரப்பி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, குழாய்த் துண்டு ஒன்றில் இறுகச் சுற்றி, நூலால் வரிந்து கட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வைத்தேன். இடியப்பம் அவிக்கும் பழைய சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். அன்னபேதி பட்ட பாத்திரத்தில் பிறகு சாப்பாடு சமைக்கக் கூடாது.

மறுநாள் காலை நூலை அவிழ்த்தபோது அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார். துணி ஒவ்வொரு சுற்றாகப் பிரியப் பிரிய, நடுநரம்பும் அதிலிருந்து பிரிகிற கிளை நரம்புகளும் அவற்றைத் தொடுக்கிற ஏணிப்படி நரம்புகளும் வெளிறிய கோடுகளாகவும், இடையில் ஊதாவும் சாம்பலும் கலந்த நிறமாகவும் தெரிந்தன. ஒரு பூச்சி அரித்த ஓட்டைகூட அப்படியே விழுந்திருந்தது. எந்த ஓவியருக்கும் இது வராது. அந்தக் காலையில் கேட்டிருந்தால் இலைப்பதிவுதான் என்று சொல்லி இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன்.

அடுத்தடுத்த துண்டுகள் என்னை மாற்றின. வீட்டுத் தோட்டத்து நெல்லிக் கொப்பை வைத்தேன். அதன் இலையில் துவர்ப்பு நிறைய, இரும்போடு சேர்ந்து நன்றாகவே கறுத்தது. ஆனால் சிற்றிலைகள் ஒன்றோடொன்று கலந்து, கொப்பு ஒரு கறுத்த இறகுபோல் ஆகிவிட்டது. தனியிலையா கூட்டிலையா என்று கேட்கவே இடமில்லை. பாலை இலை தடித்தது, பளபளப்பானது. அது ஒரு மஞ்சள் மங்கலை மட்டும் விட்டது. அதன் நுனியில் இருக்கிற அந்தச் சிறிய குழிவு, பாலையை அடையாளம் காண டீச்சர் விரல் வைத்துக் காட்டிய இடம், தெரியவே இல்லை. அப்போதுதான் இந்த முறையின் உண்மை விளங்கியது. எந்தச் செடி வர வேண்டும் என்பதை இங்கே நாம் தீர்மானிப்பதில்லை, இலையில் இருக்கிற துவர்ப்பும் சாயமும்தான் தீர்மானிக்கின்றன. நம் நினைவில் நிற்கிற செடி துணியில் நிற்காமல் போகலாம்.

தாங்கு திறனையும் பார்த்தேன். தேக்குத் துண்டில் பாதியைப் புத்தகத்துக்குள் வைத்து, மீதியை யன்னலோரம் வெயில் படும்படி இரண்டு வாரம் விட்டேன். வெயில் பட்ட பாதியில் ஊதா வெளிறிவிட்டது. சாம்பல் நிறப் பகுதியில் ஒரு துளி தேசிக்காய்ப் புளியை விட்டேன். அந்த இடம் சில நிமிடத்தில் வெளுத்து வட்டமாயிற்று. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்புக்குப் புளிப்பு ஆகாது. சமையலறையில் நிற்பவர் தலையிலிருக்கும் துணி இது. அன்னபேதி அதிகமானால் காலப்போக்கில் பட்டு இழையே நலிந்து கிழியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் இரும்பும் உவரும் இருந்தால் நிறம் நினைத்தபடி வராது, மழை நீர்தான் நல்லது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். தேசியப் பூங்காவிலிருந்து ஓர் இலையையும் பறித்து வரக் கூடாது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கொப்பை ஒடிக்காமல் வளைத்துக் காட்டிய ஒருவருக்குப் பறித்த இலையில் செய்த பரிசைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே இலைப்பதிவு என்றால் அது வீட்டுத் தோட்டத்து இலைப்பதிவுதான், காட்டின் பதிவு ஆகாது.

இலைப்பதிவு யாருக்குப் பொருந்தும்? சுவரில் மாட்டுபவர்களுக்கு, விசேட நாளில் மட்டும் தோளில் போடுபவர்களுக்கு, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத துணியை விரும்புபவர்களுக்கு. அவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை.

பத்திக் நம் நாட்டில் வேரூன்றிய கைத்தொழில். தேன்மெழுகும் பரபின் மெழுகும் கலந்து உருக்கி, சாயம் ஏறக் கூடாத இடத்தில் பூசி, வெளிர் நிறத்தில் தொடங்கிக் கடும் நிறம் வரை மாறி மாறித் தோய்க்கிறார்கள். மெழுகு வெடித்த இடத்தில் ஓடுகிற மெல்லிய கோடுகள், காய்ந்த சருகின் நரம்பைப்போல் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். கடுக்காய், மருது போன்ற அகன்ற இலைகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் மெல்லிய பட்டில் சூடான மெழுகு பரவும் வேகம் அதிகம். நெல்லியின் சிற்றிலையையும், முதிரையின் கோணலான சிற்றிலைகளையும் மெழுகு ஊற்றும் பேனாவால் வரைவது மிகத் தேர்ந்த கைக்குத்தான் வரும். மெழுகை நீக்கக் கொதிநீரில் போட வேண்டும். அது நீண்டால் பட்டின் மெருகு குறையும். செடிகளைக் குறைத்து, இலைகளைப் பெரிதாக்கினால் பத்திக்கை நானே தேர்ந்திருப்பேன். எங்களுக்கு ஏழு செடிகள் வேண்டியிருந்தன.

மூன்றாவது, டிஜிட்டல் அச்சு. "இயந்திரத்தில் அடிப்பதில் என்ன உயிர் இருக்கிறது?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அச்சிடுவதற்கு முன் யாராவது செடியைப் பார்த்து வரைந்தாக வேண்டும், உயிர் அந்த வரைதலில்தான் இருக்கிறது. எங்களோடு படித்த ஒருவர் சித்திரத்தில் தேர்ந்தவர். அவர் நீர்வண்ணத்தில் வரைந்த பாலைக் கொப்பில் இலை நுனியின் குழிவு இருந்தது, மஞ்சள் பழமும் இருந்தது. பாலைப் பழம் தின்று உதடு பாலில் ஒட்டிக்கொண்ட நினைவு எனக்கு உடனே வந்தது. இந்த நுட்பத்தை மற்ற இரண்டு முறையும் தரவில்லை.

ஒற்றைத் துணிக்கும் இது ஏற்றது. திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை செய்ய வேண்டும், நூறு துணி அடித்தால்தான் கட்டும். டிஜிட்டலில் அந்தச் செலவு இல்லை. ஆனால் அச்சகத்தில் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். சப்ளிமேஷன், அதாவது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறை, பொலியெஸ்டருக்கு மட்டுமே, பட்டில் அது பிடிக்காது. அந்த முறையில் அடித்துத் தருகிறோம் என்றால் துணி பட்டு அல்ல என்று பொருள். பிக்மென்ட் மை துணியின் மேலே படலமாக உட்கார்ந்து பட்டின் மென்மையைக் கெடுக்கும். பட்டு ஒரு புரத இழை. அதோடு உள்ளே போய்ப் பிணைவது அமிலச் சாயமும் ரியாக்டிவ் சாயமும்தான். அச்சிட்ட பிறகு ஆவியில் வைத்துச் சாயத்தை நிலைப்படுத்தி, மிகுதியைக் கழுவித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். முழுத் துணிக்கும் பணம் கட்டுமுன் ஒரு சாண் மாதிரித் துண்டு வாங்கி, நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நாங்கள் முதலில் வாங்கிய மாதிரித் துண்டில் பச்சை வெள்ளைத் துணியில் ஏறிவிட்டது. வேறிடத்தில் வாங்கியது ஐந்து முறை தோய்த்தும் அசையவில்லை. தேசிக்காய்ச் சோதனையிலும் தேறியது.

துணித் தெரிவு, அச்சைப்போலவே முக்கியம். பட்டின் கனத்தை மொம்மி என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு மொம்மி, சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 4.34 கிராம். 8 மொம்மி ஹபுதாய்ப் பட்டு தோளுக்கு அழகு, தலைக்கு ஆகாது, மயிர் தெரியும். சாட்டின் நெசவு நன்றாகப் பளபளக்கும், ஆனால் வழுக்கி வழுக்கி இறங்கும், ஊசி குத்திய தடமும் மறையாது. 14 மொம்மி கிரேப் துணியைக் காத்தான்குடித் தோழி அரை நாள் தலையில் போட்டுப் பார்த்தாள். அதன் மேற்பரப்பில் ஒரு சொரசொரப்பு இருப்பதால் நின்ற இடத்தில் நிற்கிறது, பளபளப்பும் அடக்கம். 180 சென்ரிமீற்றர் நீளம், 70 அகலம் என்றால் முழுச் சால்வையும் 77 கிராமுக்கு மேல் வராது.

அந்த அரை நாள் இன்னொரு பாடத்தையும் தந்தது. வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை அதே அளவில் வெட்டி, சோக்கால் கட்டம் கட்டமாக எண் போட்டு, அவளைச் சுற்றச் சொன்னோம். நீள வாக்கில் நடுப்பகுதி தலையின் மேல் போய்விடுகிறது. ஒரு முனை உள்ளே செருகப்பட்டு மறைந்துவிடுகிறது. மற்ற முனைதான் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து தோளில் விழுகிறது, எல்லோரும் பார்க்கிற இடம் அதுதான். மேசையில் விரித்து வைத்து அழகு பார்த்த எங்கள் முதல் வரைவில் ஏழு செடியும் நடுவில் இருந்தன. போட்டிருந்தால் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. இப்போது செடிகள் இரு முனைக்கும் வந்துவிட்டன, எந்த முனையை வெளியே விட்டாலும் சரி. நடுவில் உதிர்ந்த நெல்லிக் கொப்புகள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும்.

செடிகளைப் பற்றியும் ஒரு வாதம் நடந்தது. யானை ஒன்றைப் போடலாம் என்றார்கள், சமுத்திரத்தில் நீந்துகிற யானையைக் கண்டவர்கள் நாங்கள். ஆனால் டீச்சர் தொழுகைக்கும் இதைப் போடுவார், விலங்கு உருவம் அதற்குச் சங்கடம். செடி மட்டும் போதும். கார்த்திகைப்பூ வேண்டும் என்று இருவர் உறுதியாக நின்றார்கள். நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றுகிற அதன் இலையும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுகிற இதழும் பட்டில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நம் நாட்டில் அந்தப் பூவைப் பூவாக மட்டும் பார்க்கிறவர்கள் குறைவு. போடுகிறவர் போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அதை விட்டோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சிவப்புக்கு வீரைப் பழம் வந்தது. ஆகக் கடுக்காய், தான்றி, நெல்லி, மருது, பாலை, முதிரை, வீரை.

அச்சு என்றே முடிவு செய்துவிட்டோம், 14 மொம்மி கிரேப்பில். விளிம்பைக் கையால் சுருட்டித் தைப்பதற்கு மருதமுனையிலேயே ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். டீச்சர் காதுக்குச் செய்தி போகாமல் பார்த்துக்கொள்வதாக வாக்கும் தந்திருக்கிறார். அந்தத் தேக்குத் துண்டை நான் எறியவில்லை, பரிசைச் சுற்றிக் கொடுக்க அதுவே போதும்.

நேற்று இறுதி வரைவு வந்தது. கடுக்காய் இலையில், காம்பு இலையைத் தொடுகிற இடத்தில், இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும். வரைந்தவர் அவற்றை மறந்திருந்தார். சொன்னேன். இன்று காலை திருத்தி அனுப்பியிருக்கிறார், கடுகின் பாதி அளவில் இரண்டு பச்சைப் புள்ளிகள். அச்சில் அவை மங்கிவிடாமல் நிற்குமா என்று பார்க்க இன்னொரு மாதிரித் துண்டு கேட்டிருக்கிறேன்.